கிணற்றடியில் ஒரு வார்த்தை



கோடை விடுமுறையில் கிணற்றில் குதித்தவர்கள் கையைத் தூக்குங்கள். அடேயப்பா, பாதி மண்டபம்! தம் கட்டிப் போட்டியும் போட்டிருப்பீர்கள். தோற்று மேலே வந்தவன் என்ன சொல்வான்? "மூச்சு முட்டிருச்சுண்ணே." அந்த முட்டு எங்கிருந்து வருகிறது?

பிடரியில் கை வையுங்கள். மண்டை முடிந்து கழுத்து தொடங்கும் அந்தப் பள்ளத்துக்கு உள்ளேதான் மூளையின் அடிப்பகுதியான முகுளம் இருக்கிறது. நெஞ்சு விரிந்து சுருங்குவதற்குத் தாளம் போடுவது அதுதான். 1812-இல் பிரெஞ்சு மருத்துவர் லெகல்லுவா, முயல்களின் மூளையை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நீக்கிப் பார்த்தார். மூளையின் பெரும்பகுதி போன பின்னும் முயல் மூச்சு விட்டது. முகுளத்தின் ஒரு குறிப்பிட்ட இடத்தை நீக்கியதும் மூச்சு நின்றது.

1991-இல் ஆய்வாளர் ஃபெல்ட்மனும் கூட்டாளிகளும் அந்த இடத்தை இன்னும் நெருங்கினார்கள். புதிதாய்ப் பிறந்த எலிக்குட்டியின் முகுளத்திலிருந்து, ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத ஒரு சீவல். கண்ணாடிக் கிண்ணத்தில் கிடக்கிறது. நுரையீரல் இல்லை, மார்பு இல்லை. ஆனாலும் அதிலிருந்து நாக்குக்குப் போகும் நரம்பின் வேரில் விட்டுவிட்டுத் துடிப்பு வருகிறது. உடம்பே இல்லாமல் ஒரு மூச்சுத் தாளம்! நம் உடம்பில் அந்தத் தாளம் கழுத்துத் தண்டுவடம் வழியாக இறங்கி, உதரவிதானத்தை இழுத்து விடுகிறது.

இந்தத் தாளத்துக்கு நம் சித்தர் மரபு ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்று கணக்கு வைத்தது. வகுத்துப் பாருங்கள்: நிமிடத்துக்கு 15. இன்றைய மருத்துவரும் ஓய்வில் இருப்பவருக்கு 12 முதல் 20 வரை என்கிறார்.

இனி முட்டுக்கு வருவோம். உயிர்வளி குறைவதால்தான் மூச்சு முட்டுகிறது என்று நினைக்கிறோம். முதன்மைக் காரணம் அதுவல்ல. வெளியேறாமல் தேங்கும் கரியமில வாயு இரத்தத்தைச் சற்றே அமிலமாக்குகிறது. முகுளம் அதைத்தான் மோப்பம் பிடித்து, "மூச்சு விடு, மூச்சு விடு" என்று விரட்டுகிறது. மூச்சை நடத்துவது முதன்மையாகக் கரியமில வாயுதான் என்று 1905-இல் ஆய்வாளர்கள் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் காட்டினார்கள்.

இங்கேதான் ஆபத்து. குதிப்பதற்கு முன் சிலர் புஸ்புஸ்ஸென்று வேகவேகமாக இழுத்து விடுகிறார்கள். அதனால் உயிர்வளி அதிகம் சேர்வதில்லை. கரியமில வாயுதான் காலியாகிறது. காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் போகிறோம். உயிர்வளி தீர்ந்துகொண்டே வரும். முட்டு மட்டும் வராது. முட்டு வரும் முன்பே நினைவு தப்பிவிடலாம். நல்ல நீச்சல்காரர்களே சத்தமில்லாமல் மூழ்குவது இப்படித்தான்.

மூச்சு முட்டுவது தோல்வி அல்ல தம்பிகளே, அது உயிர் கொடுக்கும் குரல். அதை ஏமாற்றாதீர்கள். வேகமூச்சு விட்டுக் குதிக்காதீர்கள். கரையில் ஆள் இல்லாமல் தம் கட்டாதீர்கள். இன்று இங்கே வராத நண்பனுக்கும் இதைக் கிணற்றடியில் வைத்துச் சொல்லிவிடுங்கள்.