ஊசி வைத்தியமும் ருஜுவும்

சீனாவின் அக்குபங்சர் ஊசி வைத்தியம் ஈராயிரம் வருஷப் பழமையுடையது, ஆகவே நம்புங்கள் என்கிறார்கள். பழமைதான் ருஜுவென்றால் பேயோட்டுகிறவனுக்கும் அது உண்டே! மெல்போர்ன் வைத்தியர்களோ, நான்கு ஆஸ்பத்திரிகளின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு முதுகுவலி, ஒற்றைத் தலைவலி, கணுக்கால் சுளுக்கு என்று வந்த 528 பேரில், சிலருக்கு ஊசி வைத்தியம் மட்டும், சிலருக்கு மருந்து மட்டும், சிலருக்கு இரண்டுமாகக் கொடுத்துச் சோதித்து, 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தத்தில் மூன்றும் ஏறக்குறைய சமம். ஆனால், ஒரு மணி நேரங் கழித்தும் நூற்றுக்கு 40 பேருக்குக்கூட வலி தக்கபடி குறையவில்லை! தங்கள் மருந்தின் குறையையும் மறைக்காமல் அச்சிட்டார்கள். போலி ஊசி வைத்து ஒப்பிடாததால், நம்பிக்கையால் வந்த பலன் எவ்வளவென்று இதில் தெரியாது.

நாளை ஒருவன் மாரடைப்புக்கும் ஊசி குத்துவதாக வந்தால், “எத்தனை பேரிடம் சோதித்தாய்?” என்று கேளுங்கள், அவன் பதில் சொல்வதற்குள் நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்கள்.