உங்கள் அகப்பக்கம் யார் நிலத்தில் நிற்கிறது?



அகப்பக்கத்தை இலவச இடத்தில் வைப்பதா, காசு கொடுத்து வைப்பதா என்பது இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. நான் கணினிப் பொறியாளர் அல்லள். தகவல் ஊடகத்தில் டிப்ளோமா முடித்துவிட்டு நிகழ்ச்சி படைக்க வந்தவள். ஆனால் விருந்தினர் ஒருவரை அழைப்பதற்கு முன் அவருடைய சங்கம், ஆலயம், கடை ஆகியவற்றின் அகப்பக்கத்தைத் திறந்து பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. அப்படித் தேடும்போது பல பக்கங்கள் திறப்பதே இல்லை. சில நேரம் ஆலயத்தின் முகவரியைத் தட்டினால் சூதாட்ட விளம்பரம் வந்து நிற்கிறது. அழைப்பிதழில் அச்சடித்த அதே முகவரிதான். இது எப்படி நேர்கிறது என்று விசாரித்ததில் தெரிந்துகொண்டவற்றையே இன்று உங்களிடம் சொல்கிறேன்.

ஹோஸ்டிங் என்றால் என்ன? நாள் முழுவதும் அணைக்கப்படாமல் இணையத்தோடு இணைந்திருக்கும் வேறொருவர் கணினியில் நமக்கு ஒரு மூலை. அவ்வளவுதான். அந்த மூலையை இலவசமாகவும் தருகிறார்கள், வாடகைக்கும் தருகிறார்கள்.

இலவச மூலையைப் பற்றி நம் மலேசியத் தமிழர்களுக்கு விளக்கம் தேவையில்லை. லயத்து வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வேலை இருக்கும்வரை வீடு இருந்தது. வாசலில் மாமரம் வைத்தோம், கோழி வளர்த்தோம், கோயில் கட்டினோம். தோட்டம் கைமாறி, பால்மரமும் செம்பனையும் போய், வீடமைப்புத் திட்டம் வந்தபோதுதான் நிலம் யார் பெயரில் என்ற கேள்வி எழுந்தது. கோயிலுக்கும் அதே கேள்விதான்.

இணையத்தில் இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு ஜியோசிட்டீஸ். 1994இல் தொடங்கிய நிறுவனம். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பக்கம் அமைத்துக்கொள்ளலாம் என்றார்கள். 1999இல் யாகூ அதை 350 கோடி அமெரிக்க டாலருக்கும் மேலான மதிப்பில் வாங்கியது. தமிழ் ஆர்வலர்கள் பலரும் அங்கே இடம் பிடித்தார்கள். யூனிகோடு பரவாத காலம் அது. பக்கத்தின் தலையிலேயே, இந்த எழுத்துருவை இறக்கிக்கொண்டு படியுங்கள் என்று குறிப்பு இருக்கும். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலைக் கணினியில் போட்டுக்கொண்டு இரவெல்லாம் தட்டச்சு செய்து ஏற்றியவர்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். 2009 ஏப்ரலில் யாகூ மூடப்போவதாக அறிவித்தது. அக்டோபர் 26ஆம் தேதி மூடியது. ஆறு மாதம் அவகாசம் இருந்ததே என்பீர்கள். அறிவிப்பு எந்த மின்னஞ்சலுக்குப் போகும்? பத்து ஆண்டுக்கு முன் பதிந்து, பிறகு கைவிட்ட மின்னஞ்சலுக்கு. தன்னார்வலர்கள் சிலர் ஓடியோடி ஒரு பகுதியைப் படியெடுத்துக் காப்பாற்றினார்கள். மற்றவை போயின.

பழைய கதை என்று ஒதுக்க வேண்டாம். 000வெப்ஹோஸ்ட் என்ற இலவசச் சேவையைப் பல மாணவர்கள் பயன்படுத்தினார்கள். 2015இல் அதன் 13 மில்லியனுக்கும் மேற்பட்ட பயனர்களின் விவரங்கள் திருடு போனது தெரியவந்தது. கடவுச்சொற்களை மறைக்குறியாக்கம்கூடச் செய்யாமல் வைத்திருந்தார்கள். 2024இல் அந்தச் சேவையே மூடப்பட்டது.

அப்படியென்றால் இலவசமே வேண்டாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. 1999இல் தொடங்கிய பிளாகர் இன்றுவரை இலவசமாகவே இருக்கிறது. பிள்ளைகள் பழகுவதற்கு, கவிதை எழுதிப் பார்ப்பதற்கு, ஒரு கருத்தரங்கத்துக்கான பக்கத்துக்கு இலவசம் போதும். அதற்குப் பணம் கட்டுவது வீண் என்றுகூடச் சொல்வேன். நான் கவலைப்படுவது வேறு. பெயர் அட்டையிலும் கடைப் பலகையிலும் அச்சடிக்கப்போகும் முகவரி இலவசக்காரரின் பெயரை வாலாகக் கொண்டு நீண்டிருந்தால், அவர் கடையை மூடும் நாளில் உங்கள் பலகையும் பொய்யாகிவிடும். சமூக ஊடகப் பக்கம் ஒன்றே போதும் என்று சாப்பாட்டுக் கடை நடத்துவோரும் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.

இனிக் காசு கொடுப்பவர்கள். பணம் கட்டிவிட்டால் பத்திரம் என்ற நினைப்பும் சரியில்லை. 2021 மார்ச் 10ஆம் தேதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் சேவையகக் கட்டடம் தீப்பிடித்தது. ஐந்து மாடியும் எரிந்தது. ஏறக்குறைய 3.6 மில்லியன் இணையத் தளங்கள் முடங்கின. எல்லாரும் காசு கொடுத்தவர்கள். வேறிடத்தில் நகல் வைத்திருந்தவர்கள் மீண்டார்கள். வைக்காத சிலருக்கு ஒன்றும் திரும்பவில்லை. கட்டணத்திலும் கண் வையுங்கள். முதல் ஆண்டுக்கு மலிவு விலை காட்டி, புதுப்பிக்கும்போது இரண்டு மூன்று மடங்கு கேட்பது இந்தத் தொழிலில் சாதாரணம். "வரம்பற்ற இடம்" என்று பெரிதாகப் போட்டு, வரம்பு என்ன என்பதைப் பொடி எழுத்தில் வைத்திருப்பார்கள். பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, புதுப்பிக்கும் கட்டணம் எவ்வளவு என்பதே.

இப்போது எனக்கு மிக நெருக்கமாகத் தெரிந்த ஒரு சம்பவம். சிலாங்கூரில் ஒரு தோட்டப் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கம். பெயர் வேண்டாம். தோட்டம் இன்று இல்லை. பள்ளியும் இடம் மாறிவிட்டது. 1960களின் வகுப்புப் படங்கள், ஆசிரியர்களின் பட்டியல், திருவிழாப் படங்கள் எல்லாவற்றையும் வீடு வீடாகப் போய்ச் சேகரித்து அகப்பக்கத்தில் போட்டார்கள். அசலை உரியவர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். ஹோஸ்டிங் காசு கொடுத்து வாங்கியதுதான். செய்து கொடுத்த தம்பி, டொமைன் பெயரைத் தன் பெயரில், தன் அலுவலக மின்னஞ்சலில் பதிந்தார். நல்ல எண்ணத்தில்தான். பிறகு அவர் ஆஸ்திரேலியாவுக்கு வேலை மாறிப் போனார். பழைய அலுவலகம் மின்னஞ்சலை மூடியது. நினைவூட்டல்கள் யாரும் படிக்காத பெட்டிக்குப் போயின. பொருளாளரிடம் பணம் இருந்தது, கட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை! 2021 டிசம்பர் வெள்ளத்தில் சிலர் வீட்டில் அசல் படங்கள் ஊறிப்போயின. அகப்பக்கத்தில் இருக்கிறதே என்று ஆறுதல் பட்டார்கள். அடுத்த ஆண்டு அகப்பக்கமும் போயிற்று. ஆளுக்கொருவர் கைத்தொலைபேசியில் எடுத்து வைத்திருந்த சில மங்கல் படங்கள்தான் இப்போது அவர்களிடம் மிச்சம்.

டொமைன் காலாவதியானால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டாட் காம் போன்ற முகவரிகளுக்கு முதலில் சில வாரம் சலுகைக் காலம் உண்டு. அதன் பிறகு 30 நாள், கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம். அதையும் விட்டால் யாரும் வாங்கலாம். நல்ல பெயரோடு பல ஆண்டு இருந்த முகவரிகளைச் சூதாட்டக்காரர்கள் காத்திருந்து வாங்குகிறார்கள். நான் முதலில் சொன்ன ஆலயத்தின் கதை இதுதான்.

ஆகவே சங்கமோ ஆலயமோ சிறுவணிகமோ, என்னைக் கேட்டால், முதல் செலவு டொமைன் பெயருக்கு. ஆண்டுக்கு ஐம்பது அறுபது ரிங்கிட் அளவில் டாட் காம் முகவரி கிடைக்கும். ஆண்டுக் கூட்டத்துக்குக் கட்டும் பதாகைச் செலவுகூட அதைவிட அதிகம். டாட் மை முகவரிகளை மைனிக் நிர்வகிக்கிறது. டாட் காம் டாட் மை வேண்டுமென்றால் நிறுவனப் பதிவு ஆவணம் கேட்பார்கள். அது தொல்லை அல்ல, பெயர் உங்கள் நிறுவனத்துடையது என்பதற்குச் சான்று. பெயரை வாங்கிய பிறகு, பக்கத்தைப் பிளாகரிலேயே வைத்து அந்த முகவரியை அதனோடு இணைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிளாகர் கட்டணம் வாங்குவதில்லை. நாளைக்கு அது மூடப்பட்டாலும் உள்ளடக்கத்தை வேறிடத்தில் ஏற்றி, முகவரியை அங்கே திருப்பிவிடலாம். பலகையை மாற்ற வேண்டியதில்லை. இணையத்திலேயே விற்பனை, பணம் வசூல், நிறுவனப் பெயரில் மின்னஞ்சல் என்று வளரும்போது ஹோஸ்டிங்குக்குப் பணம் கட்டுங்கள். அதுவரை அவசரமில்லை.

இன்னொன்று, செயலவையில் இருப்பவர்களுக்கு. டொமைன் யார் பெயரில் இருக்கிறது, எந்த மின்னஞ்சலில் இருக்கிறது, எந்த மாதம் முடிகிறது என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். மின்னஞ்சல் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். செயலாளர், பொருளாளர் இருவருக்கும் அதன் திறவு தெரியட்டும். நிர்வாகம் மாறும்போது வங்கிக் கணக்கை ஒப்படைப்பதுபோல் இதையும் ஒப்படையுங்கள். படங்களின் நகலை இரண்டு வன்தட்டில் எடுத்து இரண்டு வீட்டில் வையுங்கள், ஒரு வீடு மேட்டுப் பகுதியில் இருந்தால் நல்லது.