முடிவளையமும் அது முடிந்து வைக்கும் மாழையும்

(ஓசூரில் ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



ஓசூருக்கு இலித்தியம் புதிய பெயரன்று. மின்கலத்தால் ஓடும் இருசக்கர வண்டிகள் இவ்வூரில் நாள்தோறும் உருவாகின்றன. இதே கிருட்டிணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் இலித்தியக் கலங்களையே செய்யும் ஆலையும் எழுந்துள்ளது. கலம் ஆற்றலிழந்த பின்னர் அதனுள்ளிருக்கும் இலித்தியத்தை மீட்பது எங்ஙனம் என்பதே இனி இந்நிலத்தார் முன் நிற்கும் வினா. பழங்கலத்தைக் கரைத்தெடுத்த நீரில் இலித்தியம் தனித்திராது; சோடியமும் பிறவும் உடன் கலந்திருக்கும். ஒன்றையொன்று ஒத்த இவ்வுடன்பிறப்புகளுள் வேண்டியதை மட்டும் பற்றியெடுக்க வல்ல ஒரு பொருளைப் பற்றியதே இப்பொழிவு.

சார்லசு பெடர்சன் என்பார் 1904-இல் கொரிய நாட்டுப் பூசானில், நார்வே நாட்டுத் தந்தைக்கும் சப்பானியத் தாய்க்கும் பிறந்தவர். அமெரிக்க நாட்டுத் தூபாண்டு நிறுவனத்தில் வேதியலறிஞராக உழைத்தவர். முனைவர்ப் பட்டம் பெறாதவர். 1961-இல் வனேடியம் என்னும் மாழையைப் பற்றுதற்குரிய ஒரு பொருளைச் செய்ய முயன்றார். அவர் எடுத்துக்கொண்ட முதற்பொருளில் கேட்டக்கால் என்பது சிறிது கலந்திருந்தது. அக்கலப்பின் விளைவாக, நூற்றுக்கு அரைப்பங்கினும் குறைவாக, பட்டிழை போன்ற வெண்படிகம் ஒன்று தோன்றிற்று. வேறொருவராயின் கழுவிக் கொட்டியிருப்பார். பெடர்சனோ ஆராய்ந்தார். மெத்தனாலில் அரிதிற் கரைந்த அப்படிகம், எரிசோடாவைச் சேர்த்ததும் எளிதிற் கரைந்தது. காரத்தின் செயலோ என ஐயுற்றுப் பிற சோடிய உப்புகளை இட்டுப் பார்த்தார். அவற்றிலும் கரைந்தது. எனவே, கரையச் செய்தது காரமன்று, சோடியமே என்று தெளிந்தார். அவர் தேடியது கிட்டவில்லை, தேடாதது கிட்டியது.

அப்பொருள் பதினெட்டு அணுக்களாலான வளையம். அவற்றுள் பன்னிரண்டு கரியணுக்கள். ஆறு உயிர்வளி அணுக்கள். இரண்டிரண்டு கரியணுக்களுக்கு இடையே ஓர் உயிர்வளியணு அமர்ந்து, தன் எதிர்மின்னி இணையை வளையத்தின் நடுவே உள்ள துளையை நோக்கி நீட்டும். உப்பிலிருந்து பிரிந்த மாழையணுவோ நேர்மின் ஏற்றம் உடையது. பாடநூல்கள் இதனை அயனி என்னும். அது துளையுள் புகுமாயின் ஆறு உயிர்வளியும் ஒருங்கே அதனை ஈர்த்துப் பற்றும். வளையத்தின் புறமோ எண்ணெய்த் தன்மையது. ஆதலின், நீரில் மட்டும் கரையும் உப்பு, இவ்வளையத்தைப் போர்வையாகக் கொண்டு பென்சீனிலும் கரையும். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டு பென்சீனை ஊதா நிறமாக்குதல் கண்கூடு.

ஈண்டு மற்றொன்று காண்க. வளையம் பொட்டாசியத்தைத் தழுவிக்கொண்டால் அதன் இணையாயிருந்த எதிரயனி தனித்து நிற்கும். பொட்டாசியம் புளோரைடில் இவ்வாறு தனித்த புளோரைடு, போர்த்த நீரும் இன்றி, மிகுந்த வினைத்திறம் பெறும். ஆழ்துளைக் கிணற்று நீரால் பல்லிற் கறை ஏறிய ஊர்கள் நிறைந்த இம்மாவட்டத்தில் புளோரைடு யாதென யார்க்கும் சொல்ல வேண்டுவதில்லை.

பெடர்சன் இதற்கு மணிமுடியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் பெயராக்கினார். அயனியின்மேல் வளையம் அமர்ந்த தோற்றமும், வேண்டும்போது சூட்டவும் கழற்றவும் இயலுதலும் காரணம். பாடநூல்கள் அதனைக் 'கிரௌன் ஈதர்' என ஒலிபெயர்த்து அமைகின்றன. தமிழில் 'முடி' என்பது தலையணியும் ஆம். முடிதல் என்னும் வினையாற் கட்டுதலும் ஆம். காசை முந்தானையில் முடிந்தாள் என்று சொல்லாத ஊர் உண்டோ? இவ்வளையமும் அயனியைத் தன் நடுவே முடிந்து வைக்கிறது. 'முடிவளையம்' என்னும் சொல்லைக் கேட்ட மாணவன் வடிவத்தையும் தொழிலையும் ஒருங்கே அறிவான்.

முடிவளையங்கள் பலவாயினும் சிறந்தன மூன்று. பன்னிரண்டு அணுவும் நான்கு உயிர்வளியும் உடையது இலித்தியத்துக்கும், பதினைந்தும் ஐந்தும் உடையது சோடியத்துக்கும், பதினெட்டும் ஆறும் உடையது பொட்டாசியத்துக்கும் உரியன என்பர். முடியுடை மூவேந்தர் என்று சொல்லி மகிழலாம். ஒரு செண்டிமீட்டரைப் பத்துக் கோடிக் கூறாக்கின் வரும் ஒரு கூறு ஆங்சுட்ராம் எனப்படும். பொட்டாசிய அயனியின் விட்டம் ஏறத்தாழ 2.7 ஆங்சுட்ராம், பதினெட்டணு வளையத்தின் துளை 2.6 முதல் 3.2 வரை. அளவு பொருந்துகிறது.

ஆயினும் துளையளவே எல்லாம் என்று கற்பிப்பது பிழை. மெத்தனாலில் பதினைந்தணு வளையம் சோடியத்தினும் பொட்டாசியத்தைக் குறைவாகப் பற்றுவதில்லை. ஏன்? அயனியைச் சுற்றிக் கரைப்பானின் மூலக்கூறுகள் மொய்த்திருக்கும். அவற்றை விலக்கிய பின்னரே வளையம் அதனை அடையும். அயனி சிறிதாகுந்தோறும் அம்மொய்ப்பு இறுகும். மூன்றனுள் மிகச் சிறியது இலித்தியம். நீர் அதனை எளிதில் விடாது. பழங்கலத்து நீரிலிருந்து இலித்தியத்தை முடிவளையத்தாற் பிரிக்கும் முயற்சியின் முதலிடர் இதுவே. வளையங்கள் விலை மிக்கன, நஞ்சும் உடையன என்பது அடுத்த இடர். நீரோடு போய்விடாதவாறு அவற்றைப் பிசின்மணிகளிலும் மென்படலங்களிலும் பிணைத்து ஆய்ந்து வருகின்றனர்.

பெடர்சனின் விரிவான கட்டுரை 1967-இல் வெளிவந்தது. பிரான்சு நாட்டு இழான் மாரி இலேன் வளையத்தைக் கூடாக வளர்த்தார். அமெரிக்கரான தொனால்டு கிராம் உருக்குலையாத கிண்ணம்போன்ற மூலக்கூறுகளைச் செய்தார். மூவர்க்கும் 1987-இல் நோபல் பரிசு கிடைத்தது. பெடர்சனுக்கு அப்போது அகவை 83. இலேனின் கூடு, முடிவளையத்தினும் இறுகப் பற்றும். ஆனால் மீட்புத் தொழிலுக்குப் பற்றுதல் மட்டும் போதாது; பற்றியதை விடவும் வேண்டும். அதனால் ஆய்வர், இலித்தியம் ஏற்ற பிசின்மணிகளை நீர்த்த காடியாற் கழுவுகின்றனர். இலித்தியம் காடியோடு வெளியேற, வெற்று வளையம் அடுத்த முறைக்கு எஞ்சுகிறது.