எதிலிருந்து எண்ணுகிறோம்?



நம் கையிலே பட்டையைச் சுற்றிப் பார்த்த மருத்துவர், “இரத்த அழுத்தம் 120” என்கிறார். 120 மில்லிமீட்டர் பாதரசம் என்பது பொருள். கடல்மட்டத்தில் காற்றின் அழுத்தமோ 760 மில்லிமீட்டர் என்று பள்ளியிலே படித்திருக்கிறீர்கள். அப்படியானால், விரல் அறுபட்டால் இரத்தம் வெளியே வருவானேன்? காற்றல்லவா உள்ளே புகவேண்டும்? மாணவர்களிடம் இக்கேள்வியை நான் அடிக்கடி போடுவதுண்டு. அலகு மாற்றுவதில் கெட்டிக்காரர்களும் சற்றுத் திகைக்கிறார்கள்.

மருத்துவர் சொன்ன 120, காற்றின் அழுத்தத்திற்கு மேற்பட்ட மிகுதி. வெற்றிடத்திலிருந்து எண்ணினால் அது 880 ஆகும்.

அலகுகள் பலவாக இருப்பது பெரிய தொல்லையன்று. ஒரே காற்றழுத்தத்தைப் பாதரசக் குழாயைப் பார்ப்பவர் 760 மில்லிமீட்டர் என்பார். வானிலை ஆய்வாளர் 1013.25 மில்லிபார் என்பார். டயருக்குக் காற்றடிப்பவர் கணக்கில் அது சதுர அங்குலத்திற்கு 14.7 பவுண்டு. பாஸ்கல் என்னும் பெயர் 1971இல் ஏற்கப்பட்டது. ஒரு சதுர மீட்டரில் ஒரு நியூட்டன் விசை என்னும் அந்த அலகு மிகச் சிறியதாகையால், காற்றழுத்தத்தை 101.3 கிலோபாஸ்கல் என்கிறோம். இச்சமன்பாடு ஒன்று நினைவிலிருந்தால் மற்றவை நேர்விகிதத்தில் வந்துவிடும். டயரின் 30 பவுண்டை 14.7ஆல் வகுத்து 101.3ஆல் பெருக்குங்கள், 207 கிலோபாஸ்கல் கிடைக்கும்.

ஆனால், எத்தனை பெருக்கினாலும் பூச்சியம் இடம் மாறாது. காற்றிறங்கிய டயரில் மானி பூச்சியம் காட்டுகிறது. உள்ளேயோ வெளியிலுள்ள அதே 14.7 பவுண்டுக் காற்று இருக்கத்தான் இருக்கிறது. மானி காட்டுவது மானியழுத்தம். அதனோடு காற்றழுத்தத்தைக் கூட்டினால் வருவது முழு அழுத்தம்.

இவ்வேறுபாடு மருத்துவமனையில் உயிர்ப் பிரச்சினையாகிறது. அறுவைக் கருவிகளைத் தூய்மை செய்யும் நீராவிக் கலத்தில் முள் 15 பவுண்டு காட்டும்போது, முழு அழுத்தம் 29.7 பவுண்டு, அங்கே நீராவியின் வெப்பம் 121 டிகிரி சென்டிகிரேடு. அந்த 15 பவுண்டை ஒருவர் 103 கிலோபாஸ்கல் என்று மாற்றுகிறார். கணக்கில் பிழையில்லை. ஆனால் அக்கலத்தின் புதிய மானி வெற்றிடத்திலிருந்து எண்ணுவதாக இருந்தால்? 103இல் நிறுத்திய நீராவி, திறந்த பானையில் கொதிக்கும் நீரைவிடச் சூடாக இராது. இரணஜன்னியை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் அந்தச் சூட்டைத் தாங்கிப் பிழைக்கக்கூடும். கத்தியோ பளபளவென்றுதான் இருக்கும்! அந்த மானியில் வேண்டிய எண் 205.

ஆங்கிலேயப் பொறியியலார் பவுண்டுக்குப் பின்னால் ‘ஏ’ அல்லது ‘ஜி’ என்று ஓர் எழுத்தைச் சேர்த்து இக்குழப்பத்தைத் தவிர்த்தார்கள். நல்ல வழக்கந்தான். எழுத்தைவிட ‘முழு அழுத்தம்’, ‘மானியழுத்தம்’ என்று சொல்லாகவே எழுதுவது எனக்கு உவப்பு.

இனி, அதே கலத்தை உதகமண்டலத்திற்கு எடுத்துச் செல்லுங்கள். அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 11 பவுண்டே. முள் பழையபடி 15இல் நிற்கும். முழு அழுத்தம் 26 பவுண்டாகக் குறைந்திருக்கும். வெப்பமும் 117 டிகிரியளவில் நின்றுவிடும். 121 டிகிரி வேண்டுமானால், அங்கே முள் 18 பவுண்டைத் தாண்டவேண்டும்.