வயதுக்கு எழுத்தே சாட்சி



உலகில் மிக நீண்ட காலம் வாழ்ந்தவர் யார்? பிரான்சு நாட்டில் வாழ்ந்த ஒரு பெண். பெயர் ழான் கல்மான். ஊர் ஆர்ல். 1875 பிப்ரவரி 21-இல் பிறந்தார். 1997 ஆகஸ்ட் 4-இல் இறந்தார். அப்போது வயது 122.

கல்மான் பாட்டி சுறுசுறுப்பானவர். 85 வயதில் வாள்வீச்சு கற்றார். 100 வயதிலும் சைக்கிள் ஓட்டினார்.

துயரமும் உண்டு. 1934-இல் ஒரே மகள் இறந்தார். 1942-இல் கணவர் இறந்தார். 1963-இல் ஒரே பேரனும் விபத்தில் இறந்தார். பாட்டி தனியானார்.

1965-இல் ஒரு வழக்கறிஞர் பாட்டியின் வீட்டை வாங்க ஒப்பந்தம் போட்டார். பாட்டி இருக்கும்வரை மாதம் 2,500 பிராங்க் தர வேண்டும். அதன் பிறகு வீடு அவருக்கு. அப்போது பாட்டிக்கு வயது 90. வழக்கறிஞருக்கு 47. நடந்தது என்ன? 30 ஆண்டுகள் பணம் கட்டிய வழக்கறிஞர் 1995-இல் இறந்தார். பாட்டி உயிரோடு இருந்தார்! பிறகு அவர் மனைவி பணம் கட்டினார்.

122 வயது என்பதை எப்படி நம்புவது? பாட்டி சொன்னார் என்பதற்காக யாரும் நம்பவில்லை. ஆய்வாளர்கள் ஏடுகளைத் தேடினார்கள். பிறப்புப் பதிவு இருந்தது. 1896-இல் நடந்த திருமணத்தின் பதிவு இருந்தது. மக்கள்தொகைக் கணக்கிலும் பெயர் இருந்தது. எல்லாம் பொருந்தின.

2018-இல் ரஷ்ய ஆய்வாளர்கள் சிலர் சந்தேகம் கிளப்பினார்கள். “1934-இல் இறந்தது தாய்தான். மகள் தாயின் பெயரில் வாழ்ந்தார்” என்றார்கள். இறந்துபோன பாட்டி வந்து பதில் சொல்ல முடியுமா? பழைய ஏடுகள் பதில் சொல்லின. 2019-இல் வேறு ஆய்வாளர்கள் அவற்றைக் காட்டி, சந்தேகத்துக்கு ஆதாரம் இல்லை என்றார்கள்.

பிரான்சில் இன்னொருவர் கன்னியாஸ்திரி ஆந்த்ரே. 1904-இல் பிறந்தார். 2021-இல் கொரோனா வந்தும் பிழைத்தார். 2023-இல் 118 வயதில் இறந்தார். அவர் வயதுக்கும் பதிவுதான் சாட்சி.

“பெரிய வெள்ளம் வந்த வருஷம் பிறந்தவன்” என்று சொல்லும் வழக்கம் உண்டு. பள்ளிக்கும், ஓட்டுரிமைக்கும், முதியோர் உதவித்தொகைக்கும் அது போதாது. இந்தியாவில் 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குழந்தை பிறந்த 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும்.

உங்கள் வீட்டுக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் எங்கே? எடுத்துப் பாருங்கள். பெயரும் தேதியும் சரியா? இப்போது நீங்களே படிக்கலாம்.