துணை நிற்றலும் சிவத்தொண்டே

சூலைநோயால் வருந்திய மருணீக்கியார், திருவதிகையிலே தமக்கையார் திலகவதியாரை அடைந்தார். அம்மையார் திருநீறளித்து, உடன் அழைத்துக்கொண்டு திருக்கோயில் புகுந்தார். நோயுற்றார்க்கு அருகில் ஒருவர் வேண்டும் என்பதை நாம் இங்கே உணர்கின்றோம்.

நம் புதுக்கோட்டையில் 1886-இல் தோன்றிய டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி அம்மையார், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரையே தொண்டாக்கி, 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்டார்.

இன்று நம்மவர் பலர் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் வாழ்கின்றனர். அங்கே மனைவி இந்நோயுற்றால், தாயும் தமக்கையும் கணவனே. மருத்துவர் சொல்லைக் குறித்துக்கொள்ளுதல், மருந்தேற்றும் நாளில் உடனிருத்தல், உணவு வெறுத்தபோது கஞ்சி ஆற்றிக் கொடுத்தல் ஆகிய யாவும் சிவத்தொண்டே.

அக்கணவனுக்குத் துணை யார்? ஊரிலுள்ள நாமே. பிரசாதம் அனுப்புவதோடு நில்லாமல், பிள்ளைகளைப் பேண ஓர் உறவினரையும் அனுப்புவோமாக! பிரகதாம்பாள் உடனுறை கோகர்ணேசர் திருவருள் முன்னிற்க. திருச்சிற்றம்பலம்.