ஒரே மூச்சில் இருபது

நான் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் வேலையில் இருப்பவன். தண்ணீர்க்காரனுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் என்ன வேலை என்று கேட்பீர்கள். 2025 ஜனவரியில் புனேயில், சிங்ககட் சாலைப் பக்கம், கில்லன்-பாரே நோய் திடீரென்று பரவியது. சந்தேகத்துக்குரியவர்களையும் சேர்த்து எண்ணிக்கை சில வாரங்களில் 200-ஐத் தாண்டியது. பலருடைய மாதிரிகளில் காம்பிலோபாக்டர் என்ற கிருமி இருந்தது. சந்தேகம் குடிநீர் மேல் விழுந்தது. எங்களைப் போன்றவர்களுக்குத் தூக்கம் போக அது போதாதா?

வயிற்றுப்போக்கு நின்று ஒன்றிரண்டு வாரம் ஆன பிறகுதான் வினை வருகிறது. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய எதிர்ப்புச் சக்தி, ஜாடை ஒன்றாக இருக்கவே, நம் நரம்புகளையே தாக்குகிறது. தளர்ச்சி காலிலிருந்து மேலே ஏறும். ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வென்டிலேட்டர் வேண்டியிருக்கும்.

எங்களோடு வேலை பார்த்த ஓர் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இது வந்தது. மானிட்டரில் ஆக்சிஜன் 98. "நல்லாத்தானே சார் இருக்கு?" என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை. "ஒரே மூச்சுல எண்ணச் சொல்லுங்க" என்றார். காலையில் 20 வரை எண்ணியவர் மாலையில் 9-லேயே நின்றுவிட்டார். ஆக்சிஜன் குறைவது கடைசியில்தானாம். அதற்கு முன்பே குழாய் போட்டாக வேண்டும். அலாரம் அடித்த பிறகு பம்ப்பைப் பார்க்க ஓடுகிறவனை நாங்களும் வேலைக்காரன் என்று சொல்வதில்லை.

வென்டிலேட்டரில் 19 நாள். கையசையாது, பேச்சு வராது. ஆனால் நினைவு தெளிவாக இருக்கும், காது கேட்கும். கட்டிலருகே நின்று செலவுக் கணக்குப் பேசிய உறவினரை நர்ஸம்மா வெளியே அனுப்பினார்கள். ஒரு முறை இமைத்தால் 'ஆமாம்', இரண்டு முறை என்றால் 'இல்லை' என்று அவர் மனைவிக்குச் சொல்லிக் கொடுத்ததும் அந்த அம்மாதான்.

இதற்கு ஸ்டீராய்டு பயன்படாது. ஆயிரக்கணக்கானோர் தந்த பிளாஸ்மாவிலிருந்து எடுக்கும் இம்யூனோகுளோபுலின் கொடுப்பார்கள், விலை அதிகம். இல்லையேல் பிளாஸ்மா மாற்றம். நெம்மேலியில் என் சவ்வு உப்பை நிறுத்தி நீரை விடுகிறது. அங்கே பார்த்த சவ்வு இரத்த அணுக்களை நிறுத்தி, கெடுக்கும் புரதத்தோடு பிளாஸ்மாவை வெளியேற்றியது. கிட்டத்தட்ட பங்காளிதான்!

ஆறாம் மாதம் அவர் ஊன்றுகோலோடு வந்தார். பாதம் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது.

விடுதித் தம்பிகளே, வயிற்றுப்போக்குக்குப் பின் யாருக்காவது இரண்டு காலும் தளர்ந்தால், 'டயர்டா இருக்கும், தூங்குடா' என்று விட்டுவிடாதீர்கள். வென்டிலேட்டர் உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராக அழைத்துப் போங்கள். போகிற வழியில் எண்ணச் சொல்லுங்கள்.